புதுச்சேரி, கடலூரில் தேர்தல் பாட்காஸ்ட்: எதைப் பேசுவது, எப்படிப் பேசுவது, எப்போது நிறுத்துவது

தனியார் பண்பலை வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை அப்படியே எடுத்துப் போடலாம், அதோடு சரி. சமுதாய வானொலிக்கும் இதே கதிதான். 2006ஆம் ஆண்டின் சமுதாய வானொலிக் கொள்கை செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் சார்ந்த நிகழ்ச்சிகளை உரிம நிபந்தனையிலேயே விலக்கிவைத்தது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் ‘புதுவை வாணி’ 107.8 மெகாஹெர்ட்ஸில் மீனவர் பிரச்சினையும் உடல்நலமும் பேசலாம். தொகுதியில் நிற்கிற இரண்டு பேரை உட்காரவைத்து வாதிடச் சொல்ல முடியாது.

பாட்காஸ்டுக்கு ஒலிபரப்பு உரிமம் தேவையில்லை. எனவே உள்ளூர் அரசியலை நிதானமாகக் காதால் கேட்க இன்றைக்கு இருக்கிற இடம் பெரும்பாலும் இது ஒன்றுதான். அந்த இடத்தையும் “யார் ஜெயிப்பார்?” என்ற ஊகத்துக்கே கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் வருத்தம். ஊகத்துக்குத் தொலைக்காட்சி போதும். தேர்தல் எப்படி நடக்கிறது, ஜெயித்தவருக்கு என்ன அதிகாரம் உண்டு, அதை எந்தக் காகிதத்தில் சரிபார்க்கலாம் என்பதைச் சொல்ல ஆள் குறைவு. அதற்கு இருபத்தைந்து நிமிட ஒலி மிகப் பொருத்தமான அளவு.

இந்த ஊருக்கே உரிய விஷயங்கள்

புதுச்சேரி சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர்: புதுச்சேரிப் பகுதியில் 23, காரைக்காலில் 5, மாஹேயில் 1, ஏனாமில் 1. இவர்களுக்கு மேல், 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசங்கள் அரசுச் சட்டப்படி மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். அந்த நியமனத்துக்கு உள்ளூர் அரசின் பரிந்துரை தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் உறுதி செய்தது. நியமன உறுப்பினர் வாக்களிக்கவும் செய்யலாம். 2021 பிப்ரவரி 22 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆட்சி கவிழ்ந்தபோது சபைக் கணக்கில் அந்த மூவரும் இருந்தார்கள். “பெரும்பான்மைக்கு எத்தனை பேர் வேண்டும்?” என்ற எளிய கேள்விக்கே இங்கே 30ஐ வைத்து ஒரு விடை, 33ஐ வைத்து இன்னொரு விடை. இதை ஒரு முழு அத்தியாயமாக விளக்கலாம், விளக்கத்தான் வேண்டும்.

அடுத்தது உள்ளாட்சி. புதுச்சேரியில் நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்து (கிராமப்புற உள்ளாட்சி அமைப்பு) தேர்தல் 1968இல் நடந்தது, அடுத்தது 2006இல். இடையில் 38 ஆண்டு. 2006இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்ததும் மறுபடி ஆண்டுக்கணக்கில் இடைவெளி. எல்லையைத் தாண்டி முள்ளோடைக்கு அந்தப் பக்கம் போனால் கடலூர் 2021இல் மாநகராட்சியாகி, 2022 பிப்ரவரி 19 அன்று 45 வார்டுகளுக்கும் வாக்களித்தது. புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனு யாரிடம் போகிறது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எரியவில்லை என்றால் யாரிடம் போகிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் இல்லாததன் விலை கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

வரலாற்றில் ஒரு பொதுப்பிழை உண்டு; பாட்காஸ்ட் அதைப் பெருக்கக் கூடாது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்ததைப் பலர் “மக்கள் வாக்கெடுப்பு” என்கிறார்கள். வாக்களித்தவர்கள் 178 பேர். எல்லாரும் பிரெஞ்சிந்தியப் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான். பிரதிநிதிகள் வாக்களித்தார்கள் என்பது அந்த முடிவின் மதிப்பைக் குறைப்பதில்லை. ஆனால் நேரடி வாக்கெடுப்புக்கும் பிரதிநிதிகள் வாக்கெடுப்புக்கும் உள்ள வேறுபாடு ஜனநாயகப் பாடத்தில் முதல் பாடம். அதை நம் ஊர் உதாரணத்தை வைத்தே சொல்ல முடிகிறபோது விடுவானேன்?

காகிதம் மூன்று

வேட்பாளர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம் படிவம் 26. சொத்து, கடன், வழக்கு, கல்வி, சமூக ஊடகக் கணக்குகள் எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் எடுக்கலாம். படிக்கும்போது இரண்டு இடத்தில் சறுக்குகிறது. ‘நிலுவையில் உள்ள வழக்கு’ வேறு, ‘தண்டனை பெற்ற வழக்கு’ வேறு; படிவத்தில் தனித்தனிப் பகுதியாக இருப்பதை ஒலியில் ஒன்றாகச் சொல்லிவிட்டால் அது அவதூறு வரை போகும். இன்னொன்று, அசையாச் சொத்துக்கு வாங்கிய விலையும் இன்றைய மதிப்பும் இரண்டும் இருக்கும். போன தேர்தலின் ஒன்றையும் இந்தத் தேர்தலின் மற்றொன்றையும் ஒப்பிட்டு “பத்து மடங்கு உயர்வு” என்று சொல்லக் கூடாது.

படிவம் 17சி, ஒரு பூத்தில் பதிவான வாக்குகளின் கணக்கு. வாக்குப்பதிவு முடிந்ததும் பூத் ஏஜென்டுகளுக்கு நகல் தரப்படும். படிவம் 20 முடிவுத் தாள்: பூத்வாரியாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த வாக்கு. உள்ளூர் ஆய்வுக்கு இதைவிட நல்ல சுரங்கம் இல்லை. ஆனால் பூத் எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர் என்ற உச்சவரம்பு வந்தபோது பல சாவடிகள் பிரிந்தன. எனவே எண்ணை வைத்து ஒப்பிடாமல் பள்ளியின் பெயரையும் வாக்காளர் பட்டியலின் அந்தப் பாகத்தில் அடங்கும் தெருக்களையும் வைத்து ஒப்பிட வேண்டும். தபால் வாக்கு பூத்வாரியாக வராது. 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முந்தைய எண்களை அதே பெயருள்ள இன்றைய தொகுதியோடு ஒப்பிடவே கூடாது.

இங்கே ஒரு நெறியையும் சொல்லியாக வேண்டும். 2021இல் புதுச்சேரியில் சுமார் 10 லட்சம் வாக்காளருக்கு 30 தொகுதி. சராசரி 33,000 சொச்சம். கடலூர் மாவட்டத்துத் தொகுதி ஒவ்வொன்றும் அப்போது இரண்டு லட்சத்தைத் தாண்டியது. புதுச்சேரியில் ஒரு பூத் என்பது நான்கைந்து தெரு. அந்தத் தெருக்களில் யார் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். “இந்தத் தெரு இவருக்குப் போடவில்லை” என்று மைக்கில் சொன்னால், அடுத்த மாதம் அந்தத் தெருவுக்குக் குடிநீர் லாரி வருமா என்ற கேள்வி எழும். பூத் கணக்கை ஆராயுங்கள். ஆனால் ஒலியில் சொல்லும்போது பத்துப் பதினைந்து பூத்களைச் சேர்த்து வட்டாரமாகச் சொல்லுங்கள். சாதிப் பெயரோடு ஒட்டிச் சொல்லவே வேண்டாம். பெயர் சொல்ல விரும்பாத வாக்காளரின் குரலைப் போடுவதும் இங்கே ஆபத்து. இவ்வளவு சிறிய தொகுதியில் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் சொன்னதைத் தொகுப்பாளர் தன் குரலில் சொல்வதே பாதுகாப்பு.

சதவீதத்திலும் எச்சரிக்கை வேண்டும். 2021இல் புதுச்சேரியில் காங்கிரஸ் பெற்ற வாக்கு சுமார் 15.7 சதவீதம், இடம் 2. பா.ஜ.க. சுமார் 13.7 சதவீதம், இடம் 6. இதை மட்டும் சொன்னால் கேட்பவர் குழம்புவார், அல்லது சந்தேகப்படுவார். காங்கிரஸ் 14 இடத்தில் நின்றது, பா.ஜ.க. 9 இடத்தில் நின்றது, இரண்டும் வெவ்வேறு கூட்டணியில் இருந்தன என்று சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். காதுக்கு எண் சொல்லும் முறையும் வேறு. “நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு எட்டு” என்றால் பேருந்தில் போகிறவர் மனதில் ஒன்றும் நிற்காது. “நூறு பேரில் நாற்பத்து மூன்று பேர்” என்றால் நிற்கும். 40 சதவீதம் 44 ஆனால் அது நான்கு சதவீத உயர்வு அல்ல, நான்கு சதவீதப் புள்ளி உயர்வு. பழைய அளவோடு ஒப்பிட்டால் பத்து சதவீத உயர்வு.

கேட்பவர்கள் உண்மையில் அதிகம் பயன்படுத்துவது இதைவிடச் சாதாரணமான தகவலை. 2025 நவம்பர் 4இல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது தெருவில் கேட்ட கேள்விகள் எல்லாம் படிவத்தைப் பற்றித்தான். பெயர் இல்லை என்றால் படிவம் 6. வீடு மாறினால், பிழை இருந்தால் படிவம் 8. நீக்கவோ ஆட்சேபிக்கவோ படிவம் 7. தகுதி நாள் ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. சந்தேகத்துக்கு 1950 என்ற உதவி எண். இந்த ஐந்து நிமிட ஒலியைத் தனியாக வெட்டி வாட்ஸ்ஆப்பில் விட்டால் எந்த அரசியல் விவாதத்தையும்விட அதிக வீட்டுக்குப் போகும்.

இரண்டு கட்சிக்காரர், ஒரு மேசை

நம்மிடம் பட்டிமன்ற மரபு இருக்கிறது. அது அருமையான கலை. ஆனால் தேர்தல் உரையாடலுக்கு அந்த வடிவம் ஒத்துவராது. பட்டிமன்றத்தில் அணி முதலிலேயே முடிவாகிவிடுகிறது, கைதட்டல் அடுத்த வரியைத் தீர்மானிக்கிறது, கடைசியில் நடுவர் தீர்ப்பு சொல்கிறார். தேர்தலில் தீர்ப்பு சொல்ல வேண்டியவர் கேட்பவர். கைதட்ட ஆள் இல்லாத அறையில் மனிதர்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள். பாட்காஸ்டின் பலமே அந்த அறைதான்.

மாநிலச் செய்தித்தொடர்பாளரை அழைக்க வேண்டாம். அவர் பேசுவதைத் தினமும் கேட்கிறோம். தொகுதிச் செயலாளர், பல தேர்தலில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர், வார்டில் மனு எழுதித் தருபவர் ஆகியோரை அழையுங்கள். பதிவுக்கு முன் ஒவ்வொருவரோடும் கால் மணி நேரம் தனியாகப் பேசுங்கள். தலைப்பையும் விதியையும் சொல்லுங்கள்; கேள்வியின் வாசகத்தைச் சொல்ல வேண்டாம், சொன்னால் எழுதிவைத்துப் படிப்பார்கள்.

முதல் சுற்றில் ஒரே கேள்வி, ஆளுக்கு இரண்டு நிமிடம், யார் முதலில் என்பதற்குச் சீட்டு. இரண்டாம் சுற்றுதான் உயிர். மறுப்பதற்கு முன் எதிரில் இருப்பவர் சொன்னதைத் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். அவர் “ஆமாங்க, இதைத்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொண்ட பிறகே பதில். முதல் தடவை கேலியாகத் திரித்துச் சொல்வார்கள். அப்போது தொகுப்பாளர் கோபப்படாமல் “அவர் அப்படிச் சொல்லலைங்களே, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று திருப்பித் தர வேண்டும். மூன்றாவது கேள்வி வருவதற்குள் குரல் தானாக இறங்கிவிடும். திரும்பச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவன் காது கொடுத்துக் கேட்டாக வேண்டுமே.

நேரத்தை எண்ணுங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் புதுச்சேரியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2022 அதிபர் தேர்தலுக்கு இங்கேயும் காரைக்காலிலும் சாவடி இருந்தது. அந்த நாட்டில் அதிபர் தேர்தலின் அதிகாரபூர்வப் பிரச்சாரக் காலத்தில் வானொலியும் தொலைக்காட்சியும் எல்லா வேட்பாளருக்கும் சமமான பேச்சு நேரம் தர வேண்டும். ஆர்க்கோம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு அதைக் கண்காணிக்கிறது. நம் பாட்காஸ்டை யாரும் கண்காணிப்பதில்லை. நாமே செய்யலாம்: எடிட்டிங் மென்பொருளில் ஒவ்வொருவரின் குரலையும் தனித் தடத்தில் வைத்து, பேசிய நிமிடங்களைக் கூட்டி, அத்தியாயக் குறிப்பில் எழுதிவிடுங்கள். பதினைந்து நிமிடப் பேச்சில் வித்தியாசம் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. யார் யாரை எத்தனை முறை இடைமறித்தார் என்றும் எண்ணுங்கள். பெண் விருந்தினர் இருக்கிற அத்தியாயத்தில் அந்தக் கணக்கு கண்ணைத் திறக்கும்.

தொகுப்பாளர் செய்கிற தவறு பெரும்பாலும் கேள்வியில் இல்லை, “ம்ம்”, “கரெக்ட்”, “சரிதாங்க” என்ற சின்ன ஒலிகளில் இருக்கிறது. நேரில் அது மரியாதை. ஒலியில் அது ஆதரவு. தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஒருவரை “அண்ணே” என்றும் மற்றவரை “சார்” என்றும் அழைத்தால் அதுவும் பக்கச்சார்பாகவே கேட்கும். இருவருக்கும் ஒரே அழைப்பு.

வெட்டும்போது ஒரு பதிலை வேறு கேள்விக்குக் கீழே நகர்த்தக் கூடாது. தயங்கி நிறுத்திய இடைவெளியையும் முழுக்க எடுத்துவிடக் கூடாது; “இல்ல… அப்படிச் சொல்ல முடியாது” என்பதில் அந்த நிறுத்தமும் பொருள்தான். மூலப் பதிவை அழிக்காதீர்கள். தேர்தல் வழக்கு தொடுக்க வெற்றியாளர் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாள் அவகாசம் உண்டு. குறைந்தது அதுவரை, வழக்கு வந்தால் முடியும்வரை இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.

ஒலி

புதுச்சேரி வெள்ளை நகரத்துப் பழைய பிரெஞ்சு வீடுகள் பார்க்க அழகு, பதிவுக்குப் பகை. உயர்ந்த கூரை, வழவழப்பான தரை, வெறும் சுவர். குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் இருக்கும். துணி அலமாரி உள்ள சின்ன படுக்கையறையே மேல். தரையில் பாய், சன்னலுக்குக் கனமான போர்வை, மேசைமேல் மடித்த துண்டு.

தேர்தல் இங்கே பெரும்பாலும் ஏப்ரல் வெயிலில் வருகிறது. மின்விசிறியை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் விருந்தினர் வியர்த்துத் தவிப்பார்; நிறுத்தாவிட்டால் பின்னணியில் இரைச்சல். பகலில் பிரச்சார வண்டி, பிற்பகலில் கடல்காற்று. ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை இருப்பதால் இரவு பத்தரைக்கோ விடிகாலை ஐந்துக்கோ பதிவு வைப்பது நல்லது. பன்னிரண்டு நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, இடையில் விசிறியைப் போட்டுக்கொள்ளலாம்.

டைனமிக் மைக் என்றால் வாயிலிருந்து நான்கு விரல், கைப்பேசி என்றால் ஒரு சாண். வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’ வெடிக்காது. அளவு மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அங்கிருந்துதான் வரும். யாரும் பேசாமல் அறையின் அமைதியை அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள், வெட்டிய இடங்களை இணைக்க உதவும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி, இறுதி ஒலி அளவை ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16, மோனோவுக்கு மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என வையுங்கள். பேச்சுக்கு மோனோ 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும். 25 நிமிடம் 12 எம்பிதான் வரும். எழுதிப் படிக்கும் பகுதிக்கு நிமிடத்துக்கு 100 சொல் என்று கணக்கு வையுங்கள். “நேற்று”, “நாளை” வேண்டாம், தேதியைச் சொல்லுங்கள். மூன்று வாரம் கழித்தும் கேட்பார்கள்.

எப்போது வாயை மூட வேண்டும்

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் மதுக்கடை மூடியிருக்கும் என்பது முள்ளோடைக்கு இருபுறமும் எல்லாருக்கும் தெரியும். அதே 48 மணி நேரம் பேச்சுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 126: அந்த நேரத்தில் தொலைக்காட்சி அல்லது அதுபோன்ற கருவி வழியாகத் தேர்தல் விஷயத்தை மக்களுக்குக் காட்டினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒலிக் கோப்பு இதில் வருமா என்று வழக்காடிப் பார்க்க வேண்டாம். மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடியும் என்றால், இரண்டு நாள் முன்பு மாலை 6 மணியோடு புதிய அரசியல் அத்தியாயம் நிற்கட்டும். சாவடி எங்கே, என்ன அடையாள அட்டை வேண்டும் என்ற தகவல் ஒலி தொடரலாம். தானியங்கி வெளியீட்டுக்கு நேரம் குறித்துவைத்த பழைய அத்தியாயம் அந்த இடைவெளியில் தானாக வெளிவந்துவிடும். முதலில் அந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள்.

பிரிவு 126ஏ வாக்குக்கணிப்பு பற்றியது. 2024 மக்களவைத் தேர்தலில் புதுச்சேரியும் தமிழ்நாடும் ஏப்ரல் 19 அன்றே வாக்களித்துவிட்டன. ஆனால் நாடு முழுக்கக் கடைசிக் கட்டம் ஜூன் 1. அன்று மாலை 6.30 மணி வரை வாக்குக்கணிப்பு வெளியிடத் தடை. “வாக்களித்து வந்தவர்களிடம் கேட்டோம், பெரும்பாலும் இந்தச் சின்னம்தான்” என்று ஏப்ரல் 19 இரவு ஒரு பாட்காஸ்ட் சொன்னால் அதுவும் இதில்தான் சிக்கும். வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் பதிவுக் கருவியோடு நிற்க வேண்டாம். வெளியே நின்றாலும் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க வேண்டாம்.

விளம்பரம் வாங்கினால் முன் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற கட்சியும் வேட்பாளரும் 3 நாள் முன்பும், மற்றவர்கள் 7 நாள் முன்பும் ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தொகை வேட்பாளர் செலவுக் கணக்கில் ஏறும்; சட்டமன்றத்துக்கு உச்சவரம்பு 2022 முதல் தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 28 லட்சம். “நட்புக்காக” வேட்பாளர் வாங்கித் தந்த மைக்கும் செலவுதான், உங்கள் நம்பகத்தன்மைக்கும் செலவுதான்.

செயற்கை நுண்ணறிவால் செய்த குரலைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தினால், ஒலியின் முதல் பத்து சதவீத நேரத்துக்கு அந்த அறிவிப்பு இருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2025 அக்டோபரில் கட்சிகளுக்குச் சொன்னது. வாட்ஸ்ஆப்பில் சுற்றும் தலைவர் குரலைப் பொய்யென்று காட்டுவதற்காகக்கூட முழுசாக ஒலிக்கவிடாதீர்கள். முன்னாலேயே “இது பொய்க்குரல்” என்று சொல்லிவிட்டு ஐந்து நொடி போதும். நடுவிலிருந்து கேட்கத் தொடங்குபவர் அதை உண்மையென்றே எடுத்துக்கொள்வார். வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய் என்று தெரிந்தே சொல்வது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 175இல் குற்றம். அவதூறு தனியாகப் பிரிவு 356.

பிழை நேர்ந்தால் ஒலியில் திருத்துவது அச்சைவிடச் சிரமம். பாட்காஸ்ட் செயலிகளுக்கு அத்தியாயங்களைக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் (RSS) ஓடையில் கோப்பை மாற்றினாலும், ஏற்கெனவே பதிவிறக்கியவரின் கைப்பேசியில் பழையதே இருக்கும். யூடியூபில் கோப்பை மாற்றவே முடியாது. வெட்டலாம், அல்லது நீக்கலாம். எனவே மூன்றையும் செய்யுங்கள். அதே அடையாள எண்ணில் திருத்திய கோப்பை ஏற்றி, அதன் தொடக்கத்திலேயே எது தவறு, எது சரி என்று சொல்லுங்கள். விவரக் குறிப்பின் முதல் வரியில் தேதியோடு எழுதுங்கள். அடுத்த அத்தியாயத்தை, இசைக்கும் முன்பாக, அந்தத் திருத்தத்தோடு தொடங்குங்கள். தவறு ஒரு வேட்பாளரைப் பற்றியது என்றால் அடுத்த அத்தியாயம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே ஒரு நிமிட ஒலியாக, முதல் கோப்பு எந்தெந்த வாட்ஸ்ஆப் குழுக்களுக்குப் போனதோ அதே குழுக்களுக்கு அனுப்புங்கள்.